செயின்ட் லெனார்ட்ஸ் கடற்கரைப் பள்ளி

பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி

இங்கிலாந்தின் தென்கரையில் சசெக்ஸ் பகுதியில் ஹேஸ்டிங்ஸ் என்றோர் ஊர் உண்டு. 1066-ஆம் ஆண்டுப் போரின் பெயராக வரலாற்று நூல்களில் வருகிறதே, அதே ஹேஸ்டிங்ஸ்தான். அதை ஒட்டி மேற்கே, கடலைப் பார்த்தபடி, செயின்ட் லெனார்ட்ஸ் என்னும் சிறு நகரம் அமைந்திருக்கிறது. இது பழைய ஊர் அன்று. ஜேம்ஸ் பர்ட்டன் என்ற லண்டன் கட்டிட முதலாளி 1828-இல் நிலம் வாங்கி, செல்வந்தர் வந்து தங்கிக் கடற்காற்று வாங்குவதற்கென்றே திட்டம் போட்டுக் கட்டிய ஊர். பின்னாளில் மகாராணியான விக்டோரியா, இளவரசியாக இருந்தபோது 1834-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் தாயாருடன் இங்கே வந்து தங்கினார். இத்தகைய உல்லாச ஊரில், கடலுக்கு மேலே இருந்த மேட்டு நிலத்தில், 1848-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் கன்னியர் சிலர் வந்து குடியேறினார்கள். அவர்கள் நடத்திய பெண்கள் பள்ளியின் வரலாற்றைத்தான் இங்கே எழுத எண்ணுகிறேன்.

முதலில் காலத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். இங்கிலாந்தில் கத்தோலிக்கருக்கு ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் பல உரிமைகள் மறுக்கப்பட்டிருந்தன. 1829-இல் வந்த சட்டத்துக்குப் பிறகுதான் அவர்கள் பாராளுமன்றத்தில் உட்கார முடிந்தது. 1845-க்குப் பின் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும் பஞ்சம் உண்டாயிற்று. பிழைப்புத் தேடி ஆயிரக்கணக்கான ஏழைக் கத்தோலிக்கக் குடும்பங்கள் ஆங்கிலேயத் தொழில் நகரங்களுக்கு வந்து சேர்ந்தன. பிள்ளைகள் இருந்தார்கள், பள்ளிகள் இல்லை, ஆசிரியைகள் அதைவிட இல்லை. இந்தக் குறையைத் தீர்க்க ஆயர் வைஸ்மன் (இவரே பின்னர் கர்தினால் ஆனவர்) ஒரு பெண்மணியை ரோமாபுரியிலிருந்து அழைத்தார். அவர்தான் அன்னை கொர்னேலியா கானெலி.

அவர் ஆங்கிலேயர் அல்லர், அமெரிக்கர். பிறவிக் கத்தோலிக்கரும் அல்லர். இன்னும் வியப்பு, அவர் திருமணமானவர். குழந்தைகளைப் பெற்ற தாய்! ஒரு பள்ளியின் வரலாற்றில் தலைமையன்னையின் குடும்பக் கதை எதற்கு என்று சிலர் கேட்கலாம். அந்தக் கதை இல்லாமல் இந்தப் பள்ளியின் வரலாறே இல்லை. எப்படியென்று பின்னால் பார்ப்போம்.

கொர்னேலியா 1809-இல் பிலடெல்பியா நகரில் பிறந்தார். பதினைந்து வயது ஆகுமுன்பே தாய் தந்தை இருவரையும் இழந்தார். 1831-இல் பியர்ஸ் கானெலி என்ற எப்பிஸ்கோப்பல் சபைப் போதகரை மணந்தார். இருவரும் மிசிசிப்பி மாநிலத்தில் நாச்செஸ் என்ற ஊரில் வாழ்ந்தார்கள். கணவர் கத்தோலிக்க மறையைப் பற்றி ஆராயத் தொடங்கியபோது மனைவியும் தாமாகவே ஆராய்ந்தார். அவருக்கு முன்பாகவே 1835-இல் திருச்சபையில் சேர்ந்தும் விட்டார். மறு ஆண்டு ரோமாபுரியில் கணவரும் சேர்ந்தார். போதகர் வேலை போயிற்று. 1837-இல் அமெரிக்காவில் பெரும் பணமுடை வந்தது. ஆகவே லூயிசியானாவில் கிராண்ட் கோட்டோ என்ற ஊருக்குப் போய், இயேசு சபையார் கல்லூரியில் அவர் ஆங்கிலம் கற்பித்தார்; திரு இருதய சபைக் கன்னியர் பள்ளியில் இவர் இசை கற்பித்தார்.

அங்கேதான் துன்பங்கள் தொடங்கின. 1839-இல் பிறந்த பெண்குழந்தை ஆறு வாரத்தில் இறந்தது. 1840 பிப்ரவரியில், இரண்டரை வயது மகன் ஜான் ஹென்றி நாயுடன் விளையாடிக்கொண்டிருந்தபோது, கொதிக்கும் சர்க்கரைப் பாகுத் தொட்டியில் விழுந்துவிட்டான். அந்த நாட்டுப்புறத்தில் மருத்துவர் கிடைக்கவில்லை. நாற்பத்து மூன்று மணி நேரம் தாயின் மடியிலேயே கிடந்து, பிப்ரவரி 2-ஆம் நாள் உயிர்விட்டான். இயேசு பாலனை ஆலயத்தில் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த திருநாள் அது. வியாகுல மாதாவின் மீது அன்னைக்கு வாழ்நாள் முழுவதும் தனிப் பக்தி இருந்ததற்கு இதற்கு மேல் காரணம் தேட வேண்டுமா?

அதே ஆண்டு அக்டோபரில் பியர்ஸ் மனைவியிடம், தாம் குருவாக விரும்புவதாகச் சொன்னார். திருச்சபைச் சட்டப்படி, மனைவி மனமொப்பிப் பிரிந்து, தானும் கற்பு வார்த்தைப்பாடு கொடுத்தால்தான் அது முடியும். கொர்னேலியா அப்போது ஐந்தாவது குழந்தையைச் சுமந்துகொண்டிருந்தார். நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்று கணவரை வேண்டினார். இறுதியில், இறைவன் கேட்பதானால் மறுக்கமாட்டேன் என்று இணங்கினார். 1844-இல் ரோமாபுரியில் முறைப்படி பிரிந்தனர். 1845-இல் பியர்ஸ் குருப்பட்டம் பெற்றார். குழந்தைகள் மூவர்: மெர்சர், அடலின், குட்டிப் பையன் பிராங்க். தாயார் அவர்களைக் கவனித்துக்கொள்ளத் தடையில்லை என்றுதான் அப்போது பேச்சு.

1846-இல் வைஸ்மனின் அழைப்பை ஏற்று இங்கிலாந்து வந்த கொர்னேலியா, டார்பி என்ற தொழில் நகரத்தில் திருக்குழந்தை இயேசு சபையைத் தொடங்கினார். ஏழைப் பிள்ளைகளுக்குப் பகல் பள்ளி, ஆலைகளில் வேலை செய்யும் பெண்களுக்கு இரவுப் பள்ளி, ஞாயிறு தோறும் ஞானோபதேசம் என்று வேலை குவிந்தது. ஆனால் அவருடைய சொந்தப் பிள்ளைகள் அவரோடு மடத்தில் இருக்கக்கூடாது என்று வைஸ்மன் சொல்லிவிட்டார். மூத்தவன் முன்பே விடுதியில் இருந்தான். இப்போது மகளும் சிறுவனும் வேறு வேறு விடுதிப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். இந்த முடிவு சரியென்று என்னால் சொல்ல முடியவில்லை. ஊரார் பிள்ளைகள் இருநூறு பேருக்குத் தாயாக இருக்க வந்தவர், தம் சிறு மகனை அனுப்பிவிட வேண்டியிருந்ததே! அன்றைய சட்டதிட்டம் அப்படி என்று விளக்கம் சொல்லலாம். அந்தச் சிறுவன் பிராங்கிடம் அந்த விளக்கத்தை யார் சொல்லியிருப்பார்?

1848 சனவரியில் பியர்ஸ், மனைவிக்குத் தெரியாமல் மூன்று பிள்ளைகளையும் பள்ளிகளிலிருந்து எடுத்துக்கொண்டு ஐரோப்பாவுக்குப் போய்விட்டார். புதிய சபையைத் தாமே ஆளவேண்டும் என்பது அவர் எண்ணம். பிள்ளைகளைப் பிடித்து வைத்தால் தாய் வழிக்கு வருவாள் என்று நினைத்தார் போலும். அன்னையோ, பிள்ளைகளைத் திருப்பித் தரும் வரை அவரைப் பார்ப்பதில்லை என்று உறுதி செய்துகொண்டார். பியர்ஸ் டார்பி மடத்துக்கு வந்து வரவேற்பறையில் மணிக்கணக்காகக் காத்திருந்தும் அவர் மாடியை விட்டு இறங்கவில்லை.

இந்தச் சூழ்நிலையில்தான் கடற்கரைக்கு வந்தார்கள். செயின்ட் லெனார்ட்ஸில் அருட்தந்தை ஜான் ஜோன்ஸ் என்பவரிடம் நிலமும் கட்டிடமும், கட்டத் தொடங்கி முடியாமல் கிடந்த ஒரு கோவிலும் இருந்தன. கன்னியர் வந்து பள்ளி நடத்தட்டும் என்று அவர் அழைத்தார். டார்பியில் கடன் தொல்லை. புகை நிறைந்த காற்று. இங்கேயோ கடற்காற்று. விடுதி மாணவியரும் ஏழைப் பிள்ளைகளும் தனித்தனிப் பள்ளிகளில் சேர்க்கப்பட்டார்கள்.

வந்து சில மாதங்கள்கூட ஆகவில்லை. குருத்துவத்தையும் கத்தோலிக்க மறையையும் துறந்த பியர்ஸ், தம் மனைவி தம்மோடு வந்து வாழ வேண்டும் என்று 1849-இல் வழக்குத் தொடுத்தார். அக்காலத்தில் திருமண வழக்குகளை விசாரித்தவை ஆங்கிலிக்கன் சபையின் நீதிமன்றங்கள். ஆர்ச்சஸ் நீதிமன்றம் என்ற அந்த மன்றம், ரோமாபுரியில் செய்த பிரிவினை இங்கிலாந்தில் செல்லாது என்று 1850-இல் பியர்ஸுக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. அதாவது, அன்னை கணவரிடம் திரும்பிப் போக வேண்டும், மறுத்தால் சிறை! அதே 1850-இல்தான் பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர் இங்கிலாந்தில் கத்தோலிக்க ஆயர்களை மீண்டும் நியமித்தார். நாடெங்கும் கத்தோலிக்கருக்கு எதிராகக் கூச்சல் எழுந்திருந்தது. அந்த நேரத்தில் ஒரு கன்னியர் மடத்துத் தலைவி குற்றவாளிக் கூண்டில் நிற்பது போன்ற வழக்கு கிடைத்தால் பத்திரிகைகள் விடுமா? பக்கம் பக்கமாக எழுதித் தள்ளின.

தோழியரே, இப்போது அந்தப் பள்ளி மாணவியரை நினைத்துப் பாருங்கள். தங்கள் தலைமையன்னையின் பெயர் செய்தித்தாளில் இழுக்கப்படுகிறது. பெற்றோர் அஞ்சிப் பிள்ளைகளை அழைத்துப் போய்விட்டால் பள்ளி அன்றே மூடப்படும். சகோதரிகளோ புதிய சபையார். சொத்து இல்லை, பழம்பெருமை இல்லை. அன்னை மேல்முறையீடு செய்தார். 1851-இல் அரசியின் பிரிவி கவுன்சில், கீழ் மன்றத் தீர்ப்பை நிறுத்தி வைத்து, வழக்கை மீண்டும் விசாரிக்கச் சொன்னது. செலவுத் தொகையைக் கட்ட பியர்ஸால் முடியவில்லை. வழக்கு இழுத்து இழுத்துக் கடைசியில் முடிந்து போயிற்று. பள்ளி தப்பியது.

பிள்ளைகள் திரும்பி வரவில்லை. அன்றைய ஆங்கிலச் சட்டத்தில் பிள்ளைகள் தந்தைக்கே சொந்தம். 1839-இல் வந்த ஒரு சட்டம், ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தம்மிடம் வைத்துக்கொள்ளத் தாய்மார் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம் என்று சிறிது இடம் கொடுத்திருந்தது, அவ்வளவே. மணமான பெண்ணுக்குத் தன் பெயரில் சொத்தே இருக்க முடியாத காலம். தாய் என்ற முறையில் அன்னைக்கு இருந்த உரிமை ஏறக்குறைய ஒன்றுமில்லை. மூத்தவன் மெர்சர் 1853-இல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் மஞ்சள் காய்ச்சலால் இறந்தான். அவனுக்கு வயது இருபதுதான்.

இவ்வளவும் நெஞ்சில் இருக்க, அவர் நடத்திய பள்ளி எப்படி இருந்திருக்கும்? முகத்தில் சிரிப்பே இல்லாத இடமாக இருந்திருக்கும் என்றுதான் நான் எண்ணினேன். படிக்கப் படிக்க வேறு விதமாக இருந்தது! அன்னை பிள்ளைகளை நாடகம் போடச் சொன்னார். இசை, பாட்டு, நடனம் எல்லாம் உண்டு. வால்ட்ஸ் நடனம் ஆடவும், விஸ்ட் என்னும் சீட்டாட்டம் ஆடவும்கூட விடுதி மாணவியருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். கன்னியர் மடத்தில் இவையெல்லாமா என்று பெரியோர் சிலர் முகம் சுளித்தார்கள். நம் விடுதியில் சீட்டுக்கட்டைக் கண்டால் என்ன நடக்கும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. ஆனால் அன்னையின் எண்ணம் தெளிவானது. இந்தப் பெண்களில் பெரும்பாலோர் மடத்தில் சேரப்போவதில்லை; குடும்பத்திலும் சமூகத்திலும் வாழப்போகிறவர்கள். அந்த வாழ்க்கைக்கு அவர்களை ஆயத்தம் செய்ய வேண்டும் என்பது அது.

பாடங்களிலும் அப்படியே. அக்காலத்தில் செல்வர் வீட்டுப் பெண்களுக்குச் சிறிது பிரெஞ்சு, சிறிது பியானோ, பூவேலைத் தையல் போதும் என்று நினைத்தார்கள். செயின்ட் லெனார்ட்ஸில் நிலநூல், வானநூல், பழங்கால இலக்கியம் எல்லாம் கற்பித்தார்கள். ஓவியத்துக்குத் தனி இடம் இருந்தது. ஞானோபதேசத்துக்கு அடுத்தபடியாக முக்கியமான கல்வி ஓவியமே என்று சொல்லும் அளவுக்கு அன்னை அதை மதித்தார். கண் அழகைக் காணப் பழகினால் உள்ளமும் இறைவனிடம் எளிதில் திரும்பும் என்று அவர் நம்பியிருக்க வேண்டும். சபையின் பள்ளிகளுக்கெல்லாம் பொதுவான பாடமுறையை 1863-இல் ஒரு நூலாகவே வெளியிட்டார். எந்த வகுப்பில் எதை, எந்த முறையில் கற்பிப்பது என்றெல்லாம் அதில் வகுத்திருந்தார். பிள்ளைகளை எந்நேரமும் ஒளிந்து நின்று கண்காணிப்பது அவருக்குப் பிடிக்காது. பிள்ளைகளை நம்பு, நம்பினால் அவர்கள் நம்பிக்கைக்கு உரியவர்கள் ஆவார்கள் என்பதே சகோதரிகளுக்கு அவர் காட்டிய வழி. இன்றும் அந்தச் சபைப் பள்ளிகளின் விருதுவாக்கு, சொல் வேண்டாம், செயலே வேண்டும் என்னும் பொருள் கொண்டது.

இதிலே எனக்கு மிகவும் பிடித்தது 1856-இல் தொடங்கிய ஆசிரியைப் பயிற்சிக் கல்லூரி. கத்தோலிக்க ஏழைப் பள்ளிகளுக்குப் பயிற்சி பெற்ற பெண் ஆசிரியைகளே இல்லாத குறையை இது தீர்க்க முயன்றது. அதே ஆண்டில் லிவர்பூல் நகரில் நோட்டர் டேம் கன்னியரும் இத்தகைய கல்லூரி ஒன்றைத் தொடங்கினார்கள். சாதாரணக் குடும்பத்துப் பெண் ஒருத்தி படித்து, சான்றிதழ் வாங்கி, சம்பாதித்துத் தன் காலில் நிற்பது அன்று எவ்வளவு பெரிய காரியம்! லிவர்பூல் கல்லூரி வளர்ந்தது. செயின்ட் லெனார்ட்ஸ் கல்லூரி சில ஆண்டுகளிலேயே நின்றுவிட்டது. ஏழைப் பெண்களின் இழப்பு அது.

இந்தக் காலம் முழுவதும் இன்னொரு தொல்லையும் தொடர்ந்தது. தந்தை ஜோன்ஸ் 1851-இல் இறந்தார். நிலம் யாருக்கு, கோவில் யாருக்கு என்ற தகராறு எழுந்தது. கோவில் ஊர்ப் பங்குக்கு வேண்டும் என்று பங்கு மக்கள். பள்ளிக்கும் மடத்துக்கும் உரியது என்று சகோதரிகள். ஆயர், சொத்தின் பொறுப்பாளர், வைஸ்மன் எல்லோரும் கடிதம் மேல் கடிதம் எழுதினார்கள். பல ஆண்டுகள் இழுத்த அந்தத் தகராறின் விவரங்களை எழுதினால் வாசிப்பவர்களுக்குத் தூக்கம் வரும். ஆகவே விட்டுவிடுகிறேன்.

1863-இல் நடந்த ஒரு உல்லாசப் பயணத்தைச் சொல்லாமல் விடமுடியாது. செயின்ட் லெனார்ட்ஸ் பிள்ளைகளைச் சகோதரிகள் உள்நாட்டில் மேஃபீல்டு என்ற சிற்றூருக்கு அழைத்துப் போனார்கள். அங்கே, கான்டர்பரி பேராயர்கள் பழங்காலத்தில் தங்கிய மாளிகை ஒன்று பாழடைந்து கிடந்தது. பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த பெருமண்டபம், கூரை போய்விட்டது, பெரிய கல் வளைவுகள் மட்டும் வானத்தைப் பார்த்து நின்றன. அவற்றின் நடுவே உட்கார்ந்து உணவு உண்ட பிள்ளைகள், இது மீண்டும் ஆலயம் ஆனால் எப்படி இருக்கும் என்று பேசியிருக்கமாட்டார்களா? லீட்ஸ் சீமாட்டி என்ற செல்வந்தப் பெண்மணி, இவரும் அமெரிக்காவில் பிறந்தவரே, அந்த இடத்தை வாங்கிச் சபைக்குக் கொடுத்தார். பழைய மண்டபத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. கையில் பணமில்லை. சகோதரிகள் ஊர் ஊராக நன்கொடை திரட்டினார்கள். கட்டிடக் கலைஞர் எட்வர்டு வெல்பி பியூஜின் மேற்பார்வையில் கூரை மீண்டும் எழுந்தது. எட்டாம் ஹென்றி மன்னர் காலத்தில் பேராயர்கள் கைவிட்ட மாளிகையில், முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் திருப்பலிப் பூசை நடந்தது. 1872-இல் அங்கேயும் விடுதிப் பள்ளி தொடங்கியது.

மேஃபீல்டைப் பற்றி ஒரு வேடிக்கைக் கதை. பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித டன்ஸ்டன் அந்த ஊரில் கொல்லுலையில் வேலை செய்துகொண்டிருந்தாராம். சாத்தான் அழகிய பெண் வேடத்தில் வந்து மயக்கப் பார்த்ததாம். பாவாடைக்கடியில் குளம்பைக் கண்டுகொண்ட புனிதர், உலையில் பழுத்திருந்த குறட்டை எடுத்து அதன் மூக்கைப் பிடித்துத் திருகிவிட்டாராம்! அந்தக் குறடு இதுதான் என்று ஒரு பழைய இரும்புக் குறட்டை அந்த மாளிகையில் வைத்திருக்கிறார்கள். கதையை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

அன்னை கொர்னேலியா 1879-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள் செயின்ட் லெனார்ட்ஸ் மடத்திலேயே இறந்தார். அதற்குள் சபை கடல் கடந்து 1862-இல் அமெரிக்காவுக்கும், பின்னர் பிரான்சுக்கும் சென்றிருந்தது. 1930-இல் நைஜீரியாவிலும் பள்ளிகள் தொடங்கியது. 1992-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தார். ஆயினும் அவருடைய வாழ்வைப் பற்றி எல்லோரும் ஒரே கருத்துக் கொள்ளவில்லை. கணவர் கேட்டதும் ஏன் இணங்கினார், பிள்ளைகளுக்காக ஏன் இறங்கி வரவில்லை என்று இன்றும் கேட்கிறவர்கள் உண்டு. எனக்குத் தோன்றுவது இது: அவர் முன் இருந்த வழிகள் எல்லாவற்றையும் வகுத்தவர்கள் பிறரே. கணவர், ஆயர், நீதிபதி என்று ஒவ்வொருவரும் ஒரு கதவைச் சாத்தினார்கள். திறந்திருந்த ஒரே கதவு பள்ளிக்கூடத்துக் கதவு. இறங்கிப் போயிருந்தாலும் பிள்ளைகள் சட்டப்படி தந்தை கையிலேயே இருந்திருப்பார்கள், பள்ளியும் போயிருக்கும்.

பியர்ஸ் பின்னாளில் இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்தில் அமெரிக்க எப்பிஸ்கோப்பல் கோவில் போதகராக இருந்து 1883-இல் இறந்தார். பிராங்க் சிற்பக் கலைஞர் ஆனார். தாயை நேசித்தார், தாயைப் பறித்த திருச்சபையை வெறுத்தார் என்கிறார்கள். அடலின் தந்தை இறக்கும் வரை அவருடனேயே இருந்து, அதன் பின் கத்தோலிக்க மறைக்குத் திரும்பினார். அதைப் பார்க்க அன்னை இல்லை.

அன்னையின் உடல் 1935-இல் செயின்ட் லெனார்ட்ஸிலிருந்து மேஃபீல்டு ஆலயத்துக்கு மாற்றப்பட்டது. இருபதாம் நூற்றாண்டில் இரு பள்ளிகளும் ஒன்றாக இணைந்தன. 1970-களில் கடற்கரைப் பள்ளி மூடப்பட்டு, எல்லாம் மேஃபீல்டுக்கே போயிற்று. அந்தப் பள்ளி இன்றும் நடந்து வருகிறது. பிள்ளைகள் உட்கார்ந்து உணவு உண்ட அந்தப் பாழ் மண்டபம்தான் அதன் ஆலயம்.